முதல் காற்று

கதவைச் சாத்திட்டு வாங்க தம்பி, காற்று வெளியே போகுது. கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன், ஒருத்தர் கண்ணிலும் படமாட்டேன் என்கிறது. அந்த நாற்காலி வேண்டாம், இப்படி வாங்க. இதில் உட்காருங்க. இந்த ஆபீஸிலேயே நல்ல இடம் இதுதான். உங்க அக்கா உட்கார்ந்திருந்த இடம்.

கஜேந்திரன்தானே உங்க பேர்? பூங்காவனம் சொல்லியிருக்கிறாள். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி. பஸ்ஸிலா வந்தீங்க? அடேயப்பா, சட்டையெல்லாம் முதுகோடு ஒட்டிக்கிடக்கு. வேலூர் வெயில் சும்மா விடுமா? ஞாயிற்றுக்கிழமை, போன் எடுக்கிற பிள்ளைகள் ஒருத்தரும் கிடையாது, உங்களுக்காகவே ஏசி மெஷினைப் போட்டு வைத்தேன். நல்லா நேரே மேலே படும், சாய்ந்து உட்காருங்க.

"அக்காவோட சாமானை எடுத்துக்க வரேன்"னு நேற்று நீங்க போனில் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. என்ன பெரிய சாமான்? ஒரு டிபன் கேரியர், ஒரு குஷன், தண்ணீர் பாட்டில், அப்புறம் ஒரு துண்டு. எல்லாம் அந்தப் பையில் இருக்கு. எங்கேயும் ஓடிப்போகாது. அதை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்க. ஒரே பக்கத்துப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

என்ன? அவள் ஒன்றுமே சொல்லவில்லையா? "ஒத்து வரல"ன்னு மட்டும் சொன்னாளா?

பார்த்தீங்களா. அதுதான் பூங்காவனம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும்.

சரி, நானே சொல்கிறேன். முதலிலேயே பேசிக்கொள்வோம். இதில் என் மேல் தப்பு கால்வாசி. முக்கால்வாசி உங்க அக்கா மேல். நான் லாரி வாடகை பேசிப் பேசியே மேலே வந்தவன் தம்பி, எடுத்த எடுப்பிலேயே நியாயமாகத்தான் சொல்வேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்க தகரக் கொட்டகையை நீங்க பார்த்திருக்கமாட்டீங்க. அப்போ நீங்க பள்ளிக்கூடம். நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், ஒருத்தர் காலைப் பிடித்து ஒரு பார்சல் புக்கிங் எடுத்தேன். ஒரு மேஜை, ஒரு போன், ஒரு பூங்காவனம். அவ்வளவுதான் ஏகாம்பரம் கம்பெனி. மே மாதத்தில் அந்தக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்க்கணும் நீங்க. தகரம் மேலேயிருந்து காய்ச்சும், லாரி பக்கத்திலேயிருந்து காய்ச்சும். போன் ரிசீவரைக் காதில் வைக்க முடியாது, ஈரத்துணியைச் சுற்றித்தான் வைப்பாள். அப்படி வைத்துக்கொண்டு, "உங்க பார்சல் நாளைக்கு வந்துரும்மா"ன்னு சொல்வாள் பாருங்க, அந்தக் குரலுக்காகவே நமக்குச் சரக்கு கொடுத்தது பாதி ஊர். நான் போனை எடுத்தால் சண்டை. அவள் எடுத்தால் வியாபாரம்.

ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படியே மேஜை மேல் சாய்ந்துவிட்டாள். லோடுமேன்களும் நானும் ஓடிவந்து பானையோடு தண்ணீரைத் தலையில் கவிழ்த்தோம். கண்ணைத் திறந்து என்ன கேட்டாள் தெரியுமா? "அண்ணா, லைன்ல ஆள் இருக்காங்களா?" அங்கேயே, அத்தனை பேர் முன்னால் சொன்னேன். "பூங்காவனம், ஒரு நாள் இல்ல ஒரு நாள் உன்னை ஏசி ரூம்ல உக்கார வைக்கிறேன். நீயே போர்வை குடுன்னு கேக்கணும், அந்த மாதிரி ரூம்."

அட, உங்களுக்கும் தெரியுமா? வீட்டில் சொல்லியிருக்கிறாளா? அம்மா காரியத்துக்கு வந்தவர்களிடம் கூடச் சொன்னாளா? "எங்க அண்ணா அப்படிச் சொல்லுச்சு, அதே மாதிரி செஞ்சுச்சு"ன்னா?

ம்.

தண்ணீர் குடிங்க. ஃப்ரிட்ஜில் இருந்தது, சில்லென்று இருக்கும்.

செய்தேன் தம்பி. சொன்னதைச் செய்தேன். இந்த ஹாலைப் பிடித்தேன். நாலைந்து பார்சல் கம்பெனிகளுக்கு நாம்தான் போன் பதில் சொல்கிறோம், என் சாமான் எங்கே, ஏன் இன்னும் வரல, எதுக்கு உடைஞ்சிருக்கு, இப்படிக் கேட்கிறவர்களுக்கு. இத்தனை மேஜை, இத்தனை பிள்ளைகள். எல்லாருக்கும் தலைவி உங்க அக்கா. இந்த மெஷினை வாங்க நான் போனது இருக்கே, அது ஒரு கூத்து. கடைக்காரர் ஒரு மெஷினைக் காட்டினார். அதைவிடப் பெருசு பக்கத்தில் இருந்தது. அதைக் கொடு, இதோட விலைக்குக் கொடு என்றேன். "சார், உங்க ஹாலுக்கு அது ரொம்பப் பெருசு. ஆளுங்க விறைச்சுப் போவாங்க" என்றார். "விறைக்கத்தானய்யா ஏசி! ஓசியில வெயில் கிடைக்குதே, அதுக்கு உன் கடைக்கு எதுக்கு வரேன்?" என்றேன். காலையில் உட்கார்ந்தவன், சாயங்காலம் அந்தப் பெரிய மெஷினோடுதான் எழுந்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு பேரம் நான் முடித்ததில்லை.

மாட்ட வந்தவர்கள் எங்கே மாட்டணும் என்று கேட்டார்கள். நான் நேரே பூங்காவனத்தின் மேஜையைக் காட்டினேன். இதோ, இப்போ நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு மேலே. முதல் காற்று அவளுக்குத்தான் படணும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு, கடைசியாக எனக்கு. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, நானே ரிமோட்டை அமுக்கினேன். முந்தானையைப் பறக்க விட்டுக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள் தம்பி. "அண்ணா, ஊட்டிக்கே வந்துட்டாப்ல இருக்குது." எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

இதில் என் தப்பு எங்கே இருக்கு சொல்லுங்க?

அப்புறம் ஆரம்பித்தது. "அண்ணா, கொஞ்சம் கம்மி பண்ணலாமா?" முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டு, "பழகிடும்" என்றேன். அப்புறம் பிள்ளைகள் ரிமோட்டை எடுத்து இருபத்தஞ்சில் வைக்கும், நான் வந்து பதினாறுக்குக் கொண்டு வருவேன். பதினாறுக்குக் கீழே அது போகாது, போனால் வைத்திருப்பேன். இந்த விளையாட்டே வேண்டாம் என்று ரிமோட்டை என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஏன் பதினாறு என்று கேளுங்க. என் ரூமைப் பாருங்க, அதோ, மேற்கே பார்த்த கண்ணாடி. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரே என் மேல்தான் விழும். கதவைத் திறந்து வைத்து இங்கேயிருந்துதான் நான் காற்றை இழுத்துக்கணும். எனக்கு வேர்க்குது! முதலாளிக்கே வேர்க்கும்போது வேலைக்காரிக்குக் குளிருது என்றால் எப்படி நம்புவது? வேலை செய்யாமல் இருக்க ஒரு சாக்கு என்றுதான் நினைப்பேன். நீங்க நினைக்கமாட்டீங்களா?

நினைக்கமாட்டீங்களா. சரி.

டீ டீ என்று கேட்பார்கள். கொடுத்தால் குடிக்கமாட்டார்கள், கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாத்ரூமுக்கு எழுந்து எழுந்து போவார்கள். ஒரு நாள் நானே அந்த வாசலில் போய் நின்றேன். "எத்தனை தடவை? சொந்த வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டேன். பூங்காவனம் என்னைப் பார்த்தாள். போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க எழுந்திருக்கவே இல்லை.

அது... அதைக் கால்வாசியில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கால்வாசிக்குள்தான் வரும் அது.

இன்னொன்று கேளுங்க, சிரிப்பீங்க. போன மே மாதம், மத்தியானம். ரோட்டில் நாய்கூட இல்லை. நான் தண்ணீர் டேங்கைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினால், நம்ம பெண்கள் அத்தனை பேரும் அங்கே! வெயிலில்! செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, கையை இப்படி விரித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள், வடகம் காயப் போட்ட மாதிரி. நடுவில் உங்க அக்கா, கண்ணை மூடிக்கொண்டு. முகத்தில் அப்படி ஒரு சுகம். எனக்கு வந்த கோபம்! தலையை அடகு வைத்து மெஷின் வாங்கி மாட்டியிருக்கிறேன், இவர்கள் போய் வெயில் காய்கிறார்கள். வேலூர் வெயில்! "ஏம்மா, கீழே வந்து போனை எடுக்கறது யாரு, உங்க மாமியாரா?" என்று ஒரு சத்தம் போட்டேன். மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

சிரிக்கவே இல்லையே நீங்க. உங்க கம்பெனியில் ஜோக்கே சொல்லமாட்டார்களா?

பூட்டுப் போட்டது கொஞ்சம் அதிகம்தான். ஒத்துக்கொள்கிறேன். கால் இல்லை, பாதி. பாதி என் மேல், பாதி அவள் மேல். போதுமா?

அவள் மேல் என்ன தப்பு என்று கேட்கிறீங்களா? சொல்கிறேன். அவள் வேலையை விட்டுப் போன அன்றைக்குச் சென்னையிலிருந்து ஒரு பார்சல் கம்பெனி ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. பெரிய இடம். அவர்கள் வேலை கிடைத்தால் மேல் மாடியையும் நாம் எடுக்கலாம். முந்தின நாளே சொல்லியிருந்தேன். ஸ்வெட்டர் கூடாது, சால்வை கூடாது, குரங்குக் குல்லா கூடாது. ஆபீஸ் ஆபீஸ் மாதிரி இருக்கணும், பிரசவ வார்டு மாதிரி இருக்கக்கூடாது. எல்லாப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டன. கோட் போட்ட அந்த ஆட்களை நான் உள்ளே கூட்டிக்கொண்டு வருகிறேன், முதல் மேஜையில் யார்? பூங்காவனம். தலையைச் சுற்றி, காதை மூடி, ஒரு கட்டம் போட்ட துண்டு. அதன் மேல் ஹெட்செட். பேசிக்கொண்டிருக்கிறாள். கோட் போட்டதில் ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மேடத்துக்கு உடம்பு சரியில்லையா?"

ஒரே ஒரு சிரிப்புத்தான் தம்பி. என் உடம்பெல்லாம் எரிந்தது. மூட்டை தூக்கிய காலத்தில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அதெல்லாம் சேர்ந்து வந்து நின்றது.

"துண்டை எடு" என்றேன். ஹெட்செட்டில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, மெதுவாக, "அண்ணா, காதுக்குள்ள குத்துதுண்ணா, இவங்க போற வரைக்கும்" என்றாள். என்னமோ சொன்னேன். கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் துண்டை எடுத்து, மடித்து, மேஜை மேல் வைத்தாள். லைனில் இருந்த ஆளிடம் "நாளைக்கு வந்துரும்மா" என்று முடித்தாள். ஹெட்செட்டைக் கழற்றினாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் என்கூட இருந்தவள், ஒரு வார்த்தை சொல்லாமல். வந்த ஆட்கள் முன்னால் என்னை அப்படி நிறுத்திவிட்டுப் போனாளே, அது தப்பில்லையா? அந்தப் பாதி அவளுடையதுதானே?

என்ன சொன்னீங்கன்னு கேட்கிறீங்க.

என்னமோ சொன்னேன் என்கிறேனே. இப்போ அதுவா முக்கியம்? அவள் போனதிலிருந்து போனில் பதில் சொல்லித் தர ஆளில்லாமல் என் பிள்ளைகள் திண்டாடுது. போன் செய்கிறவர்கள், "அந்த அம்மா இல்லையா?" என்கிறார்கள். மேஜையை மாற்றித் தருகிறேன் என்று சொல்லுங்க. ஓரமாக, சுவர் பக்கமாக. ஸ்வெட்டர் வேண்டுமா, போட்டுக்கட்டும், நானே வாங்கித் தருகிறேன். என் ரூமைக் கேட்கிறாளா? எடுத்துக்கட்டும். ரிமோட்டை மட்டும் கேட்காமல் இருக்கட்டும், மற்றதெல்லாம் பேசிக்கலாம்.

என்ன தம்பி, மறுபடியும் அதையே கேட்கிறீங்க.

"தகரக் கொட்டகையில கிடந்த உடம்புக்கு ஏசி எங்கே ஒத்துக்கும்" என்று சொன்னேன்.

இதுதான். சொல்லிவிட்டேன். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். ஹாலில் ஒரு போன்கூட அடிக்கவில்லை.

அந்தக் கொட்டகையில் நானும்தான் கிடந்தேன். எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த நேரம் கோட் போட்டவர்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன் பாருங்க.

அவள் போன பிறகு ஒரு நாள், எல்லாரும் கிளம்பின பிறகு, அவளுடைய இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். சும்மா, அப்படி என்னதான் இருக்கு பார்ப்போம் என்று. கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் உச்சந்தலையில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி. அப்புறம் காது. அப்புறம் விரல், என் விரல் மாதிரியே இல்லை, யாரோ இரவல் கொடுத்த விரல் மாதிரி. இத்தனைக்கும் நான் நூறு கிலோ ஆசாமி. எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோதுதான் மேஜையில் அந்தத் துண்டைப் பார்த்தேன். எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டேன். யார் பார்த்தார்கள்? சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அன்றைக்குக் கொட்டகையில் சொன்னது என்ன? நீயே போர்வை கேட்கணும் என்றேன். அவள் கேட்டாள். அவ்வளவுதானே அவள் செய்தது?

முக்கால். எழுதிக்கொள்ளுங்க, முக்கால் என் மேல். அதுக்கு மேலே ஏறமாட்டேன்.

இப்போ வீட்டில்தானே இருக்கிறாள்? நான் நேரில் வந்து பேசட்டுமா? என்ன... வேலைக்குப் போகிறாளா? எங்கே? ஆற்காடு ரோட்டிலா? அங்கே என்ன ஆபீஸ்?

லாரி புக்கிங்கா.

தகரமா மேலே?

இந்த மே மாதத்திலா தம்பி? அந்த உடம்பு தாங்குமா? நீங்க எல்லாம் சேர்ந்து எப்படி விட்டீங்க? சாயங்காலம் வந்ததும் என்ன சொல்கிறாள்? "வேர்த்துக் கொட்டுது, நல்லா இருக்கு" என்கிறாளா?

நல்லா இருக்குன்னா சொல்கிறாள்?

இருங்க. அதென்ன, கையை ஏன் அக்குளுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறீங்க? உதடெல்லாம் வெளுத்திருக்கு. குளிருதா? எவ்வளவு நேரமாக? வந்ததிலிருந்தேவா? அட என்ன மனுஷன்யா நீங்க, வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?

என்னது?

நான் பேசிக்கொண்டிருந்தேனா.

ஆமாம். பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

எழுந்திருங்க, எழுந்து இந்தப் பக்கம் வாங்க. அந்தத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்க, உங்க அக்காவுடையதுதானே. இருங்க, டிராயர் சாவி எங்கே... இந்தாங்க. ரிமோட். இதை அவளிடம் கொடுத்துவிடுங்க. இது இல்லாமல் இந்த மெஷினை ஒருத்தராலும் மாற்ற முடியாது. நாளைக்குக் காலையில் பதினாறிலேயே ஓடும், பிள்ளைகள் நடுங்கும். அவளுக்கு அது பொறுக்காது. ரிமோட்டை எடுத்துக்கொண்டு அவளே வந்துவிடுவாள், பாருங்க.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

சரி. சரி தம்பி. பழக்கம், வாய் தானாகப் போகிறது. கொடுங்க இப்படி. இருபத்தாறு. போதுமா, இருபத்தேழா? இருபத்தேழு. வைத்துவிட்டேன், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. இப்போ எடுத்துக்கொண்டு போங்க. வந்தால் கொண்டு வரட்டும், வராவிட்டால் அங்கேயே கிடக்கட்டும். எனக்கு வேண்டாம் அது. நான் வேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கென்ன புதுசா?

பை கனமா? கேரியரைக் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

தம்பி, ஒரு நிமிஷம். அவளிடம் போய், அண்ணன் முக்கால்வாசி தன் மேல்னு ஒத்துக்குச்சு என்று சொல்லுங்க. முதலிலேயே முழுசையும் சொல்லிவிடாதீங்க. ஒன்றும் பேசாமல் இருந்தாள் என்றால்... இருப்பாள், அவள் அப்படித்தான்... அப்போ முழுசுக்கே வாங்க. முழுசும் அண்ணன் மேல்தான் என்று சொல்லிவிடுங்க.

போய்ட்டு வாங்க. கதவைச் சாத்த வேண்டாம், அப்படியே விட்டுவிட்டுப் போங்க. கொஞ்சம் வெயில் உள்ளே வரட்டும்.